போர்க்காலத்தில் மனித உரிமைகள்: இஸ்லாமியச் சட்டமும் சர்வதேச மனிதாபிமானச் சட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் என்று வந்துவிட்டால் எதுவும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு சட்ட மரபுகள் அதை உறுதியாக மறுக்கின்றன. ஒன்று ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில் தொடங்கி ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியல் அறிஞர்களின் கையில் வளர்ந்தது. மற்றொன்று 1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா ஒப்பந்தத்திலிருந்து நாடுகள் கூடி எழுதிக்கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களைப் போலவே இடிக்கும் இடங்களையும் சொல்லியிருக்கிறோம்.

மனிதாபிமானச் சட்டமும் மனித உரிமைச் சட்டமும் ஒன்றுதானா?

இல்லை. மனித உரிமைச் சட்டம் எந்நாளும் இருப்பது. ஓர் அரசு தன் கட்டுப்பாட்டில் உள்ள மக்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்வது அது. மனிதாபிமானச் சட்டம் ஆயுத மோதலுக்காகவே எழுதப்பட்டது. அரசுப் படையையும் கட்டுப்படுத்தும், எதிரே நிற்கும் ஆயுதக் குழுவையும் கட்டுப்படுத்தும். 1949 ஆகஸ்ட் 12 அன்று ஏற்கப்பட்ட நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள்தான் இதன் முதுகெலும்பு. நிலப்போரில் காயம்பட்டவர்கள், கடற்போரில் காயம்பட்டவர்கள், போர்க்கைதிகள், பொதுமக்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு பிரிவினரைக் காக்கிறது. 196 நாடுகள் இவற்றை ஏற்றிருக்கின்றன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் எல்லா நாடுகளும் அதில் அடக்கம்.

1977இல் இரண்டு கூடுதல் நெறிமுறைகள் வந்தன. முதலாவதை அமெரிக்கா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், ஈரான் போன்ற நாடுகள் இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆனாலும் அதிலுள்ள அடிப்படை விதிகளில் பல வழக்காற்றுச் சட்டமாகவே, அதாவது நாடுகளின் நடைமுறையால் நிலைபெற்ற சட்டமாகவே, ஆகிவிட்டதால் உறுதிசெய்யாதவர்களையும் அவை கட்டுப்படுத்தும்.

போர் தொடங்கியதும் மனித உரிமைகள் நின்றுபோகுமா?

நின்றுபோகாது. 1996இல் அணு ஆயுதங்கள் குறித்துக் கருத்துரை வழங்கியபோது சர்வதேச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நெருக்கடி நிலையில் சில உரிமைகளை அரசுகள் தற்காலிகமாகச் சுருக்கலாம். 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை அதற்கு இடம் தருகிறது. ஆனால் தன்னிச்சையாக உயிரைப் பறிப்பது, சித்திரவதை, அடிமைப்படுத்துதல் ஆகியவற்றுக்கு எந்த நெருக்கடியிலும் அனுமதி இல்லை.

இஸ்லாத்தில் போர்ச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது?

ஒரே நூலில் இல்லை. குர்ஆன் வசனங்கள், நபி (ஸல்) அவர்களின் சொல்லும் செயலும், முதல் கலீஃபாக்களின் நடைமுறை, இவற்றின் மேல் அறிஞர்கள் எழுப்பிய வாதங்கள் என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. 'உங்களோடு போரிடுபவர்களோடு போரிடுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள்' என்ற வசனம் (2:190, அதாவது இரண்டாம் அத்தியாயம், 190ஆம் வசனம்) எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

இந்தத் துறைக்கு 'சியர்' என்று பெயர். ஹனஃபி என்ற சட்ட மரபின் பெரிய அறிஞரான முஹம்மது அஷ்ஷைபானி எட்டாம் நூற்றாண்டிலேயே இதைத் தனித் துறையாக எடுத்து விரிவாக எழுதினார். ஐரோப்பாவில் சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று சொல்லப்படும் குரோஷியஸுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முன்னால். மத்ஹபுகள் எனும் சட்ட மரபுகளுக்கிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. 'இஸ்லாம் இதைத்தான் சொல்கிறது' என்று யாராவது ஒரே வரியில் முடித்துவிட்டால், எந்த அறிஞர், எந்த ஆதாரத்தில் சொன்னார் என்று கேட்பது நல்லது.

யாரைத் தாக்கக் கூடாது?

இங்கே இரண்டு சட்டங்களும் மிக நெருங்கி வருகின்றன. ஒரு போரில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண்ணைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள் 'இவள் போரிடக்கூடியவள் அல்லவே' என்றார்கள். பெண்களையும் கூலிக்கு வேலை செய்பவர்களையும் கொல்லக் கூடாது என்று படைத்தலைவருக்குச் சொல்லியனுப்பினார்கள். அபூதாவூதின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. அந்தக் கூலியாள் கவனிக்க வேண்டிய ஆள். அவர் ஆண், வலுவானவர், எதிரிப் படையோடு கூடவே வந்தவர். ஆனாலும் அவர் கையில் வாள் இல்லை. பெண், குழந்தை என்ற பட்டியலைத் தாண்டி, போரிடுகிறாரா இல்லையா என்ற அளவுகோல் இங்கே தெரிகிறது.

சிரியாவுக்குப் படை அனுப்பிய முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) பத்துக் கட்டளைகள் இட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தா என்ற தொகுப்பில் உள்ளது: பெண், குழந்தை, முதியவரைக் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, குடியிருப்பை அழிக்காதே, உணவுக்குத் தவிர ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதே, மடங்களில் தம்மை ஒதுக்கிக்கொண்ட துறவிகளை அப்படியே விட்டுவிடு.

1977 முதல் நெறிமுறையின் 48ஆவது பிரிவு இதையே பொதுவிதியாக்குகிறது. பொதுமக்களையும் போராளிகளையும் எப்போதும் பிரித்தறிய வேண்டும். ராணுவ இலக்கை மட்டும்தான் தாக்கலாம். நேரடியாகச் சண்டையில் இறங்கும் குடிமகன், அப்படி இறங்கியிருக்கும் நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பை இழக்கிறான்.

பொதுமக்களும் போராளிகளும் கலந்து இருந்தால்?

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. நகரங்களில் நடக்கும் போர் எல்லாமே இந்தக் கேள்விதான்.

மனிதாபிமானச் சட்டத்தின் விடை மூன்று படிகள் கொண்டது. இலக்கு ராணுவ இலக்குதானா என்று உறுதிசெய்ய வேண்டும். பொதுமக்களுக்கு நேரக்கூடிய சேதம், எதிர்பார்க்கும் திட்டவட்டமான ராணுவப் பயனைவிட மிகையாக இருந்தால் தாக்கவே கூடாது. தாக்கினாலும் நேரம், ஆயுதம், முன்னறிவிப்பு என்று முடிந்த முன்னெச்சரிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும். மக்களை எதிரி கேடயமாக நிறுத்துவது போர்க்குற்றம்; ஆனால் அப்படி நிறுத்தப்பட்டவர்கள் அதனால் பொதுமக்கள் என்ற தகுதியை இழப்பதில்லை.

ஃபிக்ஹ் அறிஞர்கள் இதே சிக்கலை, கோட்டைக்குள் பெருங்கற்களை எறியும் கவண்பொறியை முன்வைத்து விவாதித்தார்கள். நபி நடத்திய தாயிஃப் நகர முற்றுகையில் அது பயன்பட்டதாக ஒரு செய்தி இருப்பதால் பலர் அதை அனுமதித்தார்கள். கைதிகளையோ குழந்தைகளையோ எதிரி முன்னால் நிறுத்தினால் என்ன செய்வது என்பதில் கருத்துகள் பிரிந்தன. தவிர்க்க முடியாத, உறுதியான, சமூகம் முழுவதையும் பாதிக்கும் ஆபத்து இருந்தால் மட்டுமே தாக்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி கடும் நிபந்தனைகள் வைத்தார். சிலர் இதைவிடத் தாராளமாக அனுமதித்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பொதுமக்களின் உயிரை எடைபோட்டுப் பார்க்கும் முறையைப் பொறுத்தவரை இன்றைய ஒப்பந்தச் சட்டம்தான் தெளிவாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

எதிரி எந்த விதியையும் மதிக்காதபோது நாம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?

அடிக்கடி வரும் கேள்வி. கோபத்தோடு வருவது, இழப்பைச் சுமந்தவர்களிடமிருந்தும் வருவது. அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு சட்டங்களிலும் விடை ஒன்றே: அவன் மீறினான் என்பதற்காக நீ மீற முடியாது. ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் பிரிவு 'எல்லாச் சூழ்நிலைகளிலும்' மதிக்க வேண்டும் என்கிறது. முதல் நெறிமுறையின் 51ஆவது பிரிவு பொதுமக்கள் மீது பழிவாங்கும் தாக்குதலை நேரடியாகத் தடைசெய்கிறது. எதிரி நாட்டின் குழந்தை அந்த நாட்டுத் தளபதி செய்ததற்கு விலை கொடுக்கக் கூடாது.

குர்ஆன் சொல்வது: 'ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம்' (5:8). மக்காப் படையோடு நடந்த உஹத் போரில் நபியின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) கொல்லப்பட்டு அவருடைய உடல் சிதைக்கப்பட்டது. அந்தத் துயரத்தின் பின்னணியில் வந்ததாகச் சொல்லப்படும் வசனம், செய்ததற்குச் சமமாக மட்டுமே பதில் செய்யலாம், பொறுத்துக்கொண்டால் அதுவே மேல் என்கிறது (16:126). அதன்பின் எதிரியின் உடலைச் சிதைப்பது முற்றிலும் தடுக்கப்பட்டது. தம் வீட்டுச் சாவின் வேதனைக்கு நடுவே ஏற்கப்பட்ட தடை என்பதால் அதற்கு இன்னும் கனம் கூடுகிறது.

இன்னொரு சம்பவத்தைச் சட்ட அறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். முஸ்லிம் ஆட்சியாளர் முஆவியாவின் காலத்தில் ரோமர்களோடு (பைசாந்தியப் பேரரசோடு) ஓர் உடன்படிக்கை. அதற்குப் பிணையாக ரோமர்கள் சிலர் முஸ்லிம்களிடம் இருந்தார்கள். ரோமர்கள் உடன்படிக்கையை மீறியபோது அந்தப் பிணையாட்களைக் கொல்ல முஸ்லிம்கள் மறுத்து விடுவித்துவிட்டார்கள். துரோகத்துக்குத் துரோகம் செய்வதைவிட வாக்கைக் காப்பது மேல் என்பது அவர்கள் சொன்ன காரணம். பணயக்கைதி பிடிப்பதையே 1949 ஒப்பந்தங்கள் இப்போது தடைசெய்துவிட்டன.

போர்க்கைதிக்கு என்ன உரிமைகள்?

மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். அடித்தோ மிரட்டியோ வேறு எதையும் வாங்கக் கூடாது. உணவு, மருத்துவம், வீட்டுக்குக் கடிதம், வழிபாடு எல்லாம் உண்டு. வேடிக்கைப் பொருளாக ஊர்வலம் விடக் கூடாது; கைதிகளைக் கேமரா முன் நிறுத்தி அவமானப்படுத்துவதும் இதில் அடங்கும். சண்டை முடிந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும்.

குர்ஆன், அநாதைக்கும் ஏழைக்கும் உணவளிப்பதோடு கைதிக்கு உணவளிப்பதையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது (76:8). 624இல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்ட ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி சீறா எனும் நபி வரலாற்று நூல்களில் இருக்கிறது: தம்மைக் காவலில் வைத்திருந்தவர்கள் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ரொட்டியைத் தமக்குக் கொடுத்தார்கள் என்று. எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதும் அதே போரில்தான். எதிரியின் மறைவிடத்தைச் சொல்லவைக்கக் கைதியைச் சித்திரவதை செய்யலாமா என்று கேட்டபோது, அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று இமாம் மாலிக் பதில் சொன்னதாக மாலிகி நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஆனால் கைதியைக் கொல்லலாம், அடிமையாக்கலாம் என்றும் பழைய நூல்களில் இருக்கிறதே?

இருக்கிறது. மழுப்பக் கூடாது. 'அதன்பின் கருணையோடு விடுவியுங்கள் அல்லது மீட்புத்தொகை பெறுங்கள்' என்று குர்ஆன் இரண்டே வழிகளைச் சொல்கிறது (47:4). ஹஸன் அல்பஸ்ரி, அதா போன்ற ஆரம்பகால அறிஞர்கள் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு கைதியைக் கொல்லக் கூடாது என்றார்கள். பெரும்பான்மை ஃபிக்ஹ் அறிஞர்களோ கொல்வது, அடிமையாக்குவது ஆகியவற்றையும் ஆட்சியாளரின் தெரிவுகளில் சேர்த்தார்கள். போரில் பிடிபட்ட பெண்களை அடிமைகளாக வைத்திருப்பதையும் அன்றைய சட்டம் ஏற்றது. இன்றைய சட்டத்தில் இவை எல்லாமே போர்க்குற்றங்கள்.

எப்படி இணக்கம் காண்பது? இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் காட்டும் வழி இது: அடிமைமுறை அன்று எல்லாத் தரப்பும் கடைப்பிடித்த வழக்கம், இஸ்லாம் விடுதலையைப் புண்ணியமாக்கி அந்த வாசலைச் சுருக்கியது, உலகம் முழுவதும் அதை ஒழிக்க உடன்பட்டபின் முஸ்லிம் நாடுகளும் கையெழுத்திட்டன, கையெழுத்திட்ட உடன்படிக்கையை நிறைவேற்றுவது குர்ஆனின் கட்டளை (5:1). எங்களுக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது. கையெழுத்தே சமயக் கடமையாகிவிடுவதால், ஜெனீவா ஒப்பந்தத்தை மீறும் முஸ்லிம் அரசு இரண்டு சட்டங்களையும் ஒருசேர மீறுகிறது.

ஊரை முற்றுகையிட்டுப் பட்டினி போடலாமா?

கூடாது. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்வதை முதல் நெறிமுறையின் 54ஆவது பிரிவு தடைசெய்கிறது. பயிர், கால்நடை, குடிநீர் நிலைகளை அழிப்பதும் அதில் வரும். 2018இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417ஆம் தீர்மானத்தில் இதைக் கண்டித்தது.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. யமாமா பகுதித் தலைவர் துமாமா இஸ்லாத்தை ஏற்றபின் மக்காவுக்குப் போகும் தானியத்தை நிறுத்திவிட்டார். அப்போது மக்கா நபியோடு போரில் இருந்த ஊர். அங்கே பசி வந்ததும் அவர்கள் நபிக்கே முறையிட்டார்கள். தானியத்தை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் துமாமாவுக்கு எழுதியதாக நபி வரலாற்றாசிரியர் இப்னு ஹிஷாம் பதிவு செய்கிறார்.

மரங்கள் விஷயத்தில் வேறுபாடு உண்டு. பனூ நளீர் குலத்தின் மீதான முற்றுகையில் பேரீச்சை மரங்கள் வெட்டப்பட்டதைக் குர்ஆனே குறிப்பிடுகிறது (59:5). அதை வைத்துத் தேவைப்பட்டால் வெட்டலாம் என்றனர் பலர். சிரியாவின் அறிஞர் அவ்ஸாயீ, அபூபக்ரின் கட்டளையை முன்வைத்துக் கூடாது என்றார். இதே அவ்ஸாயீதான், லெபனான் மலையில் சிலர் கலகம் செய்ததற்காக அங்கிருந்த கிறிஸ்தவர்களை ஆளுநர் வெளியேற்றியபோது, சிலர் குற்றத்துக்கு எல்லாரையும் எப்படித் தண்டிப்பாய் என்று கடிதம் எழுதிக் கண்டித்தவர். கூட்டுத் தண்டனையை நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 33ஆவது பிரிவு தடைசெய்கிறது.

'போர் என்பதே தந்திரம்' என்று ஹதீஸ் இருக்கிறதே, ஏமாற்றலாமா?

எதிரியைத் திசைதிருப்பலாம், பதுங்கலாம், போலி நகர்வு காட்டலாம். வாக்குக் கொடுத்துவிட்டுக் கழுத்தறுக்கக் கூடாது. இரண்டு சட்டங்களும் இதே கோட்டைத்தான் கிழிக்கின்றன. வெள்ளைக்கொடி காட்டிச் சுடுவதும், செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சின்னத்துக்குள் மறைந்து தாக்குவதும் துரோகம். இஸ்லாமியச் சட்டத்தில் 'அமான்' என்ற அடைக்கலத்தைச் சாதாரணக் குடிமகன்கூடத் தரலாம். 630இல் மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) என்ற பெண்மணி எதிரிக்கு அடைக்கலம் கொடுத்தார்; அவருடைய சகோதரரே அதை ஏற்க மறுத்தபோது, 'நீ அடைக்கலம் தந்தவருக்கு நாமும் தந்தோம்' என்றார்கள் நபி (ஸல்).

சிறுவர்களைப் படையில் சேர்க்கலாமா?

முதல் நெறிமுறையில் 15 வயதுக்குக் கீழே தடை. 2000ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் விருப்ப நெறிமுறை நேரடிச் சண்டைக்கான வயதை 18 ஆக்கியது. இப்னு உமர் (ரலி) உஹதுக்கு 14 வயதில் வந்தபோது திருப்பி அனுப்பப்பட்டார், அதற்குப் பின் நடந்த அகழ்ப்போரில் 15 வயதில் ஏற்கப்பட்டார் என்கிறது புகாரியின் நபிமொழித் தொகுப்பு.

உள்நாட்டுப் போருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இன்றைய சட்டத்தில் நாடுகளுக்கிடையேயான போருக்கு நூற்றுக்கணக்கான பிரிவுகள். உள்நாட்டுப் போருக்கு நான்கு ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவும் சிறிய இரண்டாம் நெறிமுறையும்தான். கலகக்காரருக்குப் போர்க்கைதி தகுதி கிடையாது. ஆயுதம் ஏந்தியதற்காகவே தன் நாட்டில் அவர் தண்டிக்கப்படலாம்.

ஃபிக்ஹில் இது தலைகீழ். நியாயம் இருப்பதாக நம்பி எழுந்த கலகக்காரர்களுக்கு வெளி எதிரியைவிடக் கூடுதல் பாதுகாப்பு. 656இல் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த ஜமல் போர் முடிந்ததும் நான்காம் கலீஃபா அலீ (ரலி) இட்ட கட்டளைகள்தான் இதற்கு மூலம்: ஓடுபவரைத் துரத்தாதே, காயம்பட்டவரைக் கொல்லாதே, அவர்கள் சொத்தை எடுக்காதே. கலகத்தில் பிடிபட்டவரைக் கொல்லவும் கூடாது, அடிமையாக்கவும் கூடாது என்பது இதிலிருந்து வந்தது. இன்றைய போர்களில் பெரும்பாலானவை உள்நாட்டுப் போர்கள். அதனால் இந்தப் பகுதிதான் அதிகம் படிக்கப்பட வேண்டியது என்று நினைக்கிறோம்.

'மேலிடத்து உத்தரவு' என்று தப்ப முடியுமா?

முடியாது. தெளிவாகச் சட்டவிரோதமான உத்தரவு தப்பிக்கும் வழியாகாது என்பதை நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. ஒரு படைத்தலைவர் நெருப்பு மூட்டி, அதில் குதிக்கும்படி தம் வீரர்களுக்கு உத்தரவிட்ட சம்பவம் புகாரியில் இருக்கிறது. 'நல்ல காரியத்தில்தான் கீழ்ப்படிதல்' என்பது அதற்கு நபியின் தீர்ப்பு.

இழப்பீடும் அப்படித்தான். காலித் பின் வலீத் (ரலி) பனூ ஜதீமா கூட்டத்தாரைத் தவறாகக் கொன்றபோது, அவர் செய்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்று நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். பிறகு அலீயை அனுப்பி இறந்தவர்களுக்கு இரத்த ஈட்டுத்தொகையும் இழந்த பொருளுக்கு விலையும் கொடுக்கச் செய்தார்கள். படைத்தலைவர் புகழ்பெற்றவர் என்பது அங்கே குறுக்கே வரவில்லை.

மதத்தின் பெயரால் இதையெல்லாம் மீறும் ஆயுதக் குழுக்களைப் பற்றி அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

2014 செப்டம்பரில் 126 முஸ்லிம் அறிஞர்கள் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) ஆயுதக் குழுவின் தலைவர் பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அப்பாவிகளைக் கொல்வது, தூதர்களைக் கொல்வது, சித்திரவதை, மீண்டும் அடிமைமுறை கொண்டுவருவது ஆகியவை தடுக்கப்பட்டவை என்று ஃபிக்ஹ் மொழியிலேயே வாதிட்டார்கள். பத்திரிகையாளர்களையும் உதவிப் பணியாளர்களையும் தூதர்களின் வரிசையில் வைத்தது அந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி.

2016இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், மாலி நாட்டின் டிம்பக்டுவில் பழைய அடக்கத்தலங்களை இடித்த அஹ்மத் அல் மஹ்திக்கு ஒன்பது ஆண்டு சிறை விதித்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார்.

சட்டம் இருந்தும் மீறல் நடக்கிறதே, யார் தண்டிப்பது?

முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றம். கொடிய மீறல் செய்தவர் எந்த நாட்டவராயினும் தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டும் அல்லது விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தங்கள் கடமை விதிக்கின்றன. 2002 முதல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இயங்குகிறது; ஆனால் பல பெரிய நாடுகள் அதில் சேரவில்லை, அதனிடம் சொந்தக் காவல்படையும் இல்லை. பலம் உள்ளவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. சட்டம் தெரிந்த ஒரு வீரன் துப்பாக்கியைத் தாழ்த்திய நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் வராததால், சட்டத்தின் முழுப் பயனை அளப்பதும் எளிதல்ல.

இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றி என்ன சொல்கிறது?

குடும்பத்தாருக்குத் தம் உறவினரின் கதி என்ன என்று அறியும் உரிமை உண்டு என்கிறது முதல் நெறிமுறையின் 32ஆவது பிரிவு. உடல்களைத் தேடி எடுத்து, அடையாளம் பதிந்து, மரியாதையோடு அடக்கம் செய்வது இரு தரப்பின் கடமை. அகழ்ப்போரில் இறந்த மக்கத்து வீரன் ஒருவனின் உடலுக்குப் பணம் தர எதிரிகள் முன்வந்தபோது, அந்த விலையை வாங்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். உடலை வைத்துப் பேரம் பேசுகிற எந்தத் தரப்புக்கும் இந்த முன்மாதிரியைச் சொல்லலாம்.

போரில் பிரிந்த உறவினரைத் தேடுபவர்கள் தம் நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தையோ, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் அலுவலகத்தையோ அணுகலாம். தேடித்தரும் சேவைக்குக் கட்டணம் இல்லை. முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதியும் இடமும், கடைசியாகத் தொடர்பில் இருந்த நாளும் இடமும் கையில் இருந்தால் தேடல் எளிதாகும். காவலில் இருப்பவருக்குச் செஞ்சிலுவைச் செய்தி என்ற திறந்த கடிதத்தையும் இவர்கள் வழியாக அனுப்பலாம். குடும்பச் செய்தி மட்டுமே எழுத வேண்டும், அதிகாரிகள் அதைப் படித்துப் பார்ப்பார்கள்.